மேசைக் கணக்கு

"அப்ப கிழக்குக் கிளைதான்னு வச்சுக்கலாமா, மேடம்?"

"வச்சுக்கறது நாம இல்ல. குழு."

"குழு நம்ம குறிப்பைத்தானே படிக்கப் போகுது. அதுலயும் முதல் பக்கம் மட்டும்."

"படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. 'மூடுதல்'னு மட்டும் போட வேண்டாம். 'இணைத்தல்'னு மாத்திடுங்க."

"எதோட இணைக்கிறோம்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இருபுறமும் பதிந்திருந்த தடங்களைத் தடவிக்கொண்டாள். நகரத்தின் பொது நூலகங்கள் எல்லாவற்றுக்கும் அவள் இயக்குநர். எதிரே கோப்புடன் நின்றவன் துணை இயக்குநர். கெட்டவன் இல்லை, வேகமானவன். கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். இப்போதும் அப்படித்தான், 'இணைத்தல்' என்று பென்சிலால் எழுதிக்கொண்டான்.

"கிளை நூலகருக்கு நான் போன்ல சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். நானே போய்ச் சொல்றேன்."

"நேர்ல போனா அழுவாங்க மேடம்."

"அவர் அழ மாட்டார். ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க நாங்க."

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு லிஃப்ட் பழுது பார்ப்பவர் தலையை நீட்டினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கும் லிஃப்ட் இன்னும் அங்கேதான் நிற்கிறது என்றும், உதிரிபாகம் வர வேண்டும் என்றும், வந்தாலும் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், அவருக்குப் பின்னால் விடுப்புக் கேட்டு ஒருவர். இயக்குநரின் காலை எப்போதும் இப்படித்தான் ஆரம்பித்து இப்படித்தான் முடியும்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவள் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்றபடியே நாவல்கள் படித்திருக்கிறாள். மொழிபெயர்ப்பு நாவல்கள். பெயரை உச்சரிக்கத் தெரியாத ஊர்களின் ரயில் நிலையங்களில் யாரோ யாருக்காகவோ காத்திருப்பார்கள். யாராவது கூப்பிட்டால் திரும்பி வர அவளுக்குச் சற்று நேரம் பிடிக்கும். பிறகு பதவி உயர்வுகள் வந்தன. ஒவ்வொரு உயர்வும் அவளைப் புத்தகங்களிலிருந்து ஓர் அறை தள்ளி உட்கார வைத்தது. முதலில் இரவல் மேசை, அப்புறம் புதிய நூல்களைப் பதிவு செய்யும் அறை, அப்புறம் கதவுள்ள அறை, கடைசியில் புத்தகமே இல்லாத ஒரு மாடி. இப்போது அவளுக்குப் புத்தகம் என்றால் எடை, இடம், ஈரம், கரையான். வீட்டில் தலைமாட்டில் ஒரு நாவல் இருக்கத்தான் செய்கிறது. அதன் நாயகன் பல மாதங்களாக ரயில் பெட்டியின் படியிலேயே நிற்கிறான். அவன் இறங்குவதற்குள் அவளுக்குக் கண் சொருகிவிடும்.

அவள் பெயரைச் சொல்ல ஒரு காரியம் உண்டென்றால் அது மேசைக் கணக்கு. முன்பெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போகும் புத்தகங்களை மட்டும்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்கள் கணக்கில் இல்லாத மனிதர்கள். மின்விசிறிக் காற்றுக்காக வருகிறவர்கள் என்று மேலிடத்தில் சிரிப்பார்கள். அவள்தான் சண்டை போட்டாள். படித்த புத்தகத்தை யாரும் அலமாரியில் திருப்பி வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுப் போகட்டும், மூடும் நேரத்தில் மேசைகளில் இருப்பதை எண்ணி எழுதிவிட்டு ஊழியர்கள் அடுக்கட்டும் என்றாள். 'படித்த நூலை மேசையிலேயே வைத்துச் செல்லவும்' என்று எல்லாக் கிளைகளுக்கும் பலகை போயிற்று. மேசைக் கணக்கு வாசக சாலைகளைக் காப்பாற்றியது. அவளை இந்த நாற்காலி வரை கொண்டுவந்ததும் அதுதான்.

இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு கிளைக்கு இடமில்லை என்று குழுத் தலைவர் சொன்னபோது, அவளும் துணை இயக்குநரும் கணக்குகளைப் பரப்பிவைத்துப் பார்த்தார்கள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கிழக்குக் கிளையில் இரவல் சொற்பம். மேசைக் கணக்கு பூஜ்யம்.

மதியத்துக்கு மேல் பஸ் பிடித்துக் கிழக்குக் கிளைக்குப் போனாள். அலுவலக வண்டியை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். பெரிய மருத்துவமனைக்குப் பின்தெருவில், ஒரு மருந்துக் கிடங்குக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தக் கிளை. இயக்குநரான பிறகு அவள் இங்கே வந்ததே இல்லை. கூரை ஒழுகும் கிளைக்கும், சண்டை நடக்கும் கிளைக்கும், மொட்டைக் கடிதம் வரும் கிளைக்கும் போகவே பொழுது சரியாக இருந்தது. இங்கிருந்து புகார் என்று ஒரு துண்டுக் காகிதம் கூட வந்ததில்லை.

கதவைத் தள்ளியதும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. எல்லா நாற்காலிகளிலும் ஆட்கள். ஆனால் சத்தமே இல்லை. பக்கங்கள் புரளும் ஒலியும், கீழேயிருந்து தரைப்பலகை இடுக்குகள் வழியாக ஏறிவரும் மருந்து வாசனையும் மட்டும். காவலாளிச் சீருடையில் இருவர், கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டிய ஒருவர், மருத்துவமனையில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்தவர்களின் சோர்வோடு சில பெண்கள். ஓர் அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று தங்கி வேலை பார்க்கிற ஆண்களை அவர்கள் சட்டையின் கசங்கலிலேயே அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. நிரந்தர முகவரி இல்லாதவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் இரவல் கிடையாது. அந்த விதியில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனமில்லாமல் போயிற்று. எதிரே மருத்துவமனைத் துப்புரவுச் சீருடையில் ஒரு பெண் தடித்த நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. எங்கோ தூரத்தில் இருந்தாள். அந்தத் தூரம் இயக்குநருக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து, புத்தகத்தை மூடி, அட்டையைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, நேராக ஓர் அலமாரிக்குப் போனாள். விரலை முதுகுகளின் மேல் ஓட்டிக்கொண்டே போய் ஓர் இடைவெளியில் நிறுத்தினாள். புத்தகத்தைச் செருகி, பக்கத்துப் புத்தகங்களோடு விளிம்பு சேரும்படி உள்ளங்கையால் தட்டிவிட்டுப் போனாள். அடுத்து ஒரு காவலர் எழுந்தார். அவரும் அப்படியே. பஞ்சு ஒட்டியவரும் ஒற்றைக் கையால் அப்படியே.

எழுந்தவர்கள் இருந்த இடங்களில் மேசைகள் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி இருந்தன.



"வாங்க மேடம்" என்று காதருகே ஒரு கிசுகிசுப்பு. கிளை நூலகர். பயிற்சிக் காலத்திலேயே அவருக்கு 'உஷ்' என்று பெயர் விழுந்துவிட்டது. பக்கத்தில் இடி விழுந்தாலும் மேலே பார்த்து "உஷ்" என்பார் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். தலை முழுவதும் நரைத்திருந்தது. பின்னாலிருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போய், பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.

"மேடம் எல்லாம் எதுக்கு? இங்கதான் யாரும் இல்லையே."

"சுவர் இருக்கே."

சிரித்தார்கள். பிறகு அவள் கேட்டாள்: "பலகை ஒண்ணு அனுப்பினோமே, மேசையிலயே வைக்கச் சொல்லி. எங்க அது?"

"அதா?" உஷ் ஜன்னலைக் காட்டினார். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக ஒரு பலகை அடைத்திருந்தது. "நல்ல கெட்டிப் பலகை. சாரல் ஒரு சொட்டு வராது. அதை மாட்டினா ஆளுங்க கெட்டுப் போயிடுவாங்க மேடம். குடிச்ச டம்ளரை எவனாவது வந்து எடுப்பான்னு போட்டுட்டுப் போற மாதிரி ஆயிடும். நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன், எந்தப் புத்தகம் எங்கன்னு. புதுசா ஒருத்தர் வந்தா பழைய ஆள் சொல்லிக் கொடுப்பார். எனக்கு வேலையே இல்ல."

"மேசைக் கணக்கு எப்ப எடுப்பீங்க?"

"மூடுறப்ப." உஷ் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது. "மாசா மாசம் அனுப்புறேனே, பாக்குறீங்களா? ஒழுங்கில்லாம கிடந்ததுன்னு ஒரு புத்தகம் காட்ட முடியாது. பூஜ்யம். வருஷக்கணக்கா பூஜ்யம். மத்த கிளையில எல்லாம் எவ்வளவு வருது? பெருமைக்குக் கேக்கல, சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

"வேற எந்தக் கிளையிலயும் பூஜ்யம் வரல" என்றாள்.

"நெனச்சேன்" என்றார் உஷ்.

சொல்லாமல் எழுந்து போய்விட முடியும் என்பதுதான் அவளைக் களைப்படையச் செய்தது. பொய் கூடச் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பு தயாராக இருக்கிறது. நாளைக் காலை தலையை ஆட்டினால் போதும். உஷ் தன் வாழ்நாள் முழுவதும் பூஜ்யத்தை நினைத்துச் சந்தோஷமாக இருப்பார். அவளுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான்.

சொன்னாள். மேசைக் கணக்கு எதற்கென்று, பூஜ்யம் என்றால் மேலே என்ன அர்த்தம் என்று, நாளைக்குக் குழு எதற்காகக் கூடுகிறது என்று. மெல்லிய குரலில்தான் சொன்னாள். உஷ் நடுவில் ஒருமுறை எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

உஷ் ஜன்னல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இதை நான்தான் மூடினேனா?"

"ரெண்டு பேரும் சேந்து."

"ஒரு தடவை வந்து பாத்திருக்கக் கூடாதா நீ?" என்றார். பயிற்சிக் காலத்து 'நீ'. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அது அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஒரு தடவை ஒழுகுதுன்னாவது நீ எழுதியிருக்கக் கூடாதா? அழுத பிள்ளைதானேப்பா பால் குடிக்கும்."

"ஒழுகலையே" என்றார் உஷ். "ஒழுகாததை எப்படி எழுதறது?"

வீட்டுக்கு வந்தபோது கணவர் முழங்காலில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு சோபாவில் நீட்டிப் படுத்திருந்தார். மருந்துக்கடை வைத்திருந்தவர். நின்று நின்றே முழங்கால் தேய்ந்துபோய், கடையை மருமகனிடம் விட்டுவிட்டார்.

"என்ன டைரக்டரம்மா, இன்னிக்கு எந்தக் கூரை?"

"கூரை நல்லா இருக்கு. அதான் பிரச்சினை."

செருப்பைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பையை ஒரு முழங்காலிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"இந்த ஒரு கிளையில கணக்குத் தப்புன்னா, மத்ததுல எல்லாம் சரின்னு எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க. நியாயம்தான். நான் செஞ்சதுன்னு சொல்லிக்க இருக்கறது அந்த ஒண்ணுதான். அப்புறம் இதை விட்டா வேற ஒண்ணை மூடணும். அங்கயும் நாலு பேர் படிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க."

"தலைவலி போய்த் திருகுவலி."

"ம்."

"சொல்லாட்டி?"

அவள் கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் அழுத்திய ஓரம் சிவந்திருந்தது. "சொல்லாட்டி ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்கு."

"அப்ப சொல்லத்தான் போற" என்றார் அவர். "அதுக்கு எதுக்கு இந்த மூஞ்சி? முதல்ல செருப்பைக் கழட்டு."

மறுநாள் குழு கூடியது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், யாரும் திறக்காத குறிப்புகள். துணை இயக்குநர் முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவள் எழுந்து, கிழக்குக் கிளையில் பார்த்ததைச் சொன்னாள். தலைவர், ஆட்களை உட்கார வைத்துக் கேட்கும் பழக்கமுள்ள, மரியாதையான மனிதர். அன்று அவரும் அவளை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

"உங்க முறையே தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?"

"முறை தப்பில்லைங்க. அங்க வர்றவங்க ரொம்ப ஒழுங்கு."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "உள்ள போய்க் கண்ணால பாத்தேன்னு தீர்மானத்துல எழுத முடியாதும்மா. எண் வேணும்."

"கிளை நூலகரையே எண்ணச் சொல்லலாம்."

"தன் கிளை மூடக் கூடாதுன்னு நினைக்கறவர் எண்ணின எண்ணை நான் எப்படி நம்பறது? அவர் நல்லவராவே இருக்கட்டும். மத்த கிளைக்கு எது அளவோ, அதே அளவு இதுக்கும். அடுத்த கூட்டம் வரைக்கும் தள்ளி வைக்கறேன். மூடுற நேரத்துக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் போய் மேசையைப் பாக்கட்டும். மேசை மேல புத்தகம் இருந்தா பேசுவோம்."

வெளியே வந்ததும் துணை இயக்குநர் கோப்பை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தான். "நல்ல முதல் பக்கம் மேடம். வீணாப் போச்சு."

"பத்திரமா வைங்க. எண் வரலைன்னா அதே பக்கம்தான்."

"அதெல்லாம் வரும். மேசையில போட்டுட்டுப் போறதுல என்ன கஷ்டம்? ஊர்ல எல்லாரும் அதைத்தானே செய்றாங்க."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். புதுப் பலகை செய்து அனுப்பினாள். உஷ் ஆணியடித்து மாட்டினார். துணை இயக்குநரே மூடும் நேரங்களில் போய் வந்தான். முதல் வாரம் போய்விட்டு வந்தவன் தலையைச் சொறிந்தான். மேசைகளில் ஒன்றுமில்லை. பலகையை எல்லோரும் படிக்கிறார்கள், படித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைக்கிறார்கள். அது புதிதாக வருகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டார்களாம். இரண்டாம் வாரமும் அப்படியே. ஒரு நாள் ஒரே ஒரு புத்தகம் கிடந்தது. கதவு வரை போன யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

அவள் உஷ்ஷுக்குப் போன் செய்தாள்.

"பலகை போதாது. நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

"ரெண்டு தடவை போய் நின்னேன் மேடம். வரல. நான் சொல்லிக் கொடுத்ததுதானே. அதை நானே வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா உத்தரவு. நான் சொன்னா..." முடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள், லிஃப்ட்காரரையும் கணக்குப் பிரிவையும் காத்திருக்க வைத்துவிட்டு, அவள் மறுபடி அந்தப் படிகளில் ஏறினாள். மழை பிடித்திருந்தது. உள்ளே நனைந்த சீருடைகளின் வாசனை, கீழிருந்து வரும் மருந்து வாசனை, ஒரு நாற்காலி கூடக் காலியில்லை. உஷ் இரவல் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் எதையோ எழுதுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

எத்தனையோ திறப்பு விழாக்களில் பேசியிருக்கிறாள். வாசிப்பு, அறிவு, ஒளி என்று துணை இயக்குநர் எழுதிக் கொடுத்ததையெல்லாம் தடங்கலில்லாமல் சொல்லியிருக்கிறாள். இங்கே எங்கே நிற்பது என்று கூடத் தெரியவில்லை. இரண்டு மேசைகளுக்கு நடுவில் நின்றாள். யாரும் நிமிரவில்லை. ஒவ்வொருவரும் எங்கெங்கோ போயிருந்தார்கள். அந்த முகங்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது பாவம் என்று தோன்றியது. நின்றுகொண்டே இருந்தாள். மழை சற்று ஓய்ந்தது.

ஓரத்திலிருந்த உயரமான காவலர் ஒருவர் பணிக்கு நேரமாகிவிட்டது போல எழுந்தார். புத்தகத்தை மூடினார். விளிம்புகளைச் சேர்த்துத் தட்டினார். மேசையைச் சுற்றி, நாற்காலிகளில் இடித்துவிடாமல் ஒருக்களித்து, அலமாரிக்கு நடந்தார்.

"ஐயா" என்றாள்.

அந்த அறையில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. எல்லோரும் நிமிர்ந்தார்கள். காவலர் நின்றார். மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில், புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இந்த இடம் இருக்கறதும் இல்லாமப் போறதும் அந்த மேசை மேல இருக்கு. நீங்க எடுத்து வச்சிட்டா, நீங்க இங்க வந்ததே யாருக்கும் தெரியாது. இவ்வளவு நாளா தெரியல." காவலர் பக்கம் திரும்பினாள். "அது அங்கதான் இருக்கணும்னு எனக்கும் தெரியும். இருந்தாலும், ஐயா, அதைத் திருப்பிக் கொண்டுபோய் மேசையிலயே வச்சிட்டுப் போறீங்களா?"

காவலர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக உஷ்ஷைப் பார்த்தார். உஷ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அலமாரியில், அந்தப் புத்தகம் இருந்த இடத்தில் இரண்டு முதுகுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இருட்டு. காவலரின் ஒரு கால் அதை நோக்கியும் ஒரு கால் மேசையை நோக்கியும் இருந்தன.